மொட்டை மாடியில் சோலார்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஏறியதிலிருந்து, மாவு மில்லில் நின்றாலும் ரேஷன் கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். சிலர் படியேறி வந்து பேனலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

சோலார்னா வெந்நீர் போடுறதுதானே? அது எங்க மாமா வீட்ல இருக்கே.

அது வேறு. மாமா வீட்டில் இருப்பது வெயிலில் தண்ணீரைச் சுட வைக்கும் கருவி, குழாயும் டேங்க்கும்தான். இங்கே பேசுவது மின்சாரம் தயாரிக்கும் பேனல். பேனலில் வரும் டி.சி. கரண்ட்டை சோலார் இன்வெர்ட்டர் என்ற பெட்டி ஏ.சி. கரண்ட்டாக மாற்றி நம் வீட்டு லைனில் சேர்க்கும்.

ஒரு கிலோவாட்டுன்னா எத்தனை யூனிட்டு வரும்? எவ்ளோ எடம் வேணும்?

சென்னை வெயிலுக்கு வருஷம் முழுக்கச் சராசரி போட்டால் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட் பக்கம். நவம்பர் மழையில் நாள் முழுக்க 3 யூனிட்டோடு முடிந்ததும் உண்டு, மார்ச்சில் 15 வந்ததும் உண்டு.

இடம் ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி. எங்கள் வீட்டில் 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். தெற்கு பார்த்து, 13 டிகிரி சாய்வில் இருக்கிறது. சென்னை இருப்பது 13ஆவது அட்சரேகையில், அதனால்தான் அந்தக் கணக்கு.

மொத்தம் எவ்ளோ ஆச்சு? மானியம் கழிச்சு சொல்லு.

எங்களுக்கு 1,95,000 ரூபாய். மானியம் 78,000 போக, கையிலிருந்து போனது 1,17,000. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 கிடைக்கும். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். 5 கிலோவாட் போட்டவருக்கும் அதே தொகைதான் என்பதைப் பலர் பில் கையில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். பேனல் ஏறி, நெட் மீட்டர் (எடுக்கும் கரண்ட்டையும் கொடுக்கும் கரண்ட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்கில் விழும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. கையில் பணம் இல்லாதவர்களுக்கு வங்கிகளில் 3 கிலோவாட் வரை 2 லட்சம் கடன் பிணை இல்லாமல் உண்டு. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பேனல் விலை குறைவு என்று ஒருவர் காட்டினால், மானியத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய வரியோடு கொட்டேஷன் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

போன்ல "ஃப்ரீயா போட்டுத் தர்றோம், 2,000 ரூபா மட்டும் கட்டுங்க"ன்றாங்களே?

கட்டாதீர்கள். திட்டத்தின் பெயரில் இலவச மின்சாரம் என்று இருக்கிறதே தவிர, பேனல் இலவசம் இல்லை. திட்டத்தின் இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம், அதற்குப் பணம் கிடையாது. பட்டியலில் இருக்கும் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

எங்க வூட்டு பில்லு ஆயிரம் ரூபாதான் வருது. போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பில் தொகையை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள். நம் ஊரில் விலை படி படியாக ஏறுகிறது. 2024 ஜூலைக்குப் பிறகு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய் 101இலிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அப்புறம் 11.55. 2025இல் ஏறிய கட்டணத்தை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

சோலார் குறைப்பது மேல் படியிலிருந்துதான். 900 யூனிட் ஓட்டும் வீட்டில் அது முதலில் 10 ரூபாய் யூனிட்டைத் தின்னும். 250 யூனிட் வீட்டில் தின்பதற்கே ஒன்றும் இருக்காது. பில்லே 470 ரூபாய்தான், வருஷத்துக்கு 2,820. ஒரு கிலோவாட் போட்டு மானியம் போக 40,000 செலவழித்தால் 14 வருஷம் காத்திருக்க வேண்டும். வேண்டாம். உங்கள் ஆயிரம் ரூபாய் பில் என்றால் 360 யூனிட் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு கிலோவாட்டில் பில் 100 ரூபாய்க்குள் வந்துவிடும், போட்ட காசு ஏழு வருஷத்தில் திரும்பும். போடலாம், அவசரமில்லை. ஆனால் மூன்று கிலோவாட் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

500 தாண்டினா அவ்ளோ வித்தியாசமா?

கூட்டிப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,124. அந்தப் பத்து யூனிட்டின் விலை 319 ரூபாய்! எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் மூன்று பில்லும் 515, 530, 508. அவருக்கு ஒரு கிலோவாட் போதும் என்று சொன்னேன். ஏ.சி.யை 26இல் வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். அதற்குச் செலவே இல்லை.

அப்போ யாருக்குத்தான்பா லாபம்?

இரண்டு ஏ.சி., மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஓடும் வீட்டுக்கு. எங்கள் கணக்கையே சொல்கிறேன். கோடையில் இரண்டு பில் 900 யூனிட், மீதி நாலு பில் 600 யூனிட். 900க்கு 5,820 ரூபாய், 600க்கு 2,880. சோலார் 700 யூனிட் கொடுத்தால் கோடை பில் 235க்கு வரும், மற்றது பூஜ்யம். வருஷத்துக்கு மிச்சம் 22,700 ரூபாய் பக்கம். 1,17,000ஐ அதால் வகுத்தால் ஐந்து வருஷம் சொச்சம். மழைக்காலத்தையும் அழுக்கையும் சேர்த்து நான் ஆறு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். "மூன்றே வருஷத்தில் போட்ட காசு கைக்கு வரும்" என்று விற்பவர் சொன்னால், அவர் எல்லா பில்லையும் மே மாத பில்லாக நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

பேனல் 25 வருஷம் கேரண்டி, அதற்குள் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் தாங்காது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை மாற்ற நேரிடும் என்று அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

சோலார் போட்டா 100 யூனிட் ஃப்ரீ கட்டாயிடுமாமே?

ஆகாது. மின்வாரியத்திலிருந்து எடுத்த யூனிட்டில் நாம் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பில். அந்த மிச்சத்தில் முதல் 100 வழக்கம்போல இலவசம். மேலே 900 யூனிட் வீட்டுக்கு 235 ரூபாய் வந்ததே, அது இந்த 100ஐயும் கழித்த கணக்குதான். வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணத்தையும் 2022இலேயே நீக்கியாகிவிட்டது.

பகல்ல நாங்க வேலைக்குப் போயிடுவோம். வர்ற கரண்ட் வீணாதானே?

வீணாகாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் உற்பத்தியாவது தெரு லைனுக்குப் போகும், நெட் மீட்டர் அதை எக்ஸ்போர்ட் என்று தனியாக எண்ணும். ராத்திரி ஏ.சி. போடும்போது எடுப்பது இம்போர்ட். ஒரு பில்லில் மிஞ்சியது அடுத்த பில்லுக்குப் போகும். ஆனால் மின்வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று பெரிதாகப் போடாதீர்கள். நம் செலவைக் குறைக்கும் அளவுக்குப் போடுவதுதான் புத்தி.

கரண்ட் போனா நம்ம வீட்ல மட்டும் லைட் எரியும்ல?

எரியாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் வாடிவிடும். சாதாரண சோலார் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும், லைன் செத்தால் அதுவும் தானாக நின்றுவிடும். காரணம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன். கட் செய்துவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது நம் மாடியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

ஏற்கெனவே வீட்டில் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் இருந்தால் அது தனியாக, பழையபடியே வேலை செய்யும். சோலாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் வகை கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் செலவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, பேட்டரியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி கரண்ட் போகாத தெருவுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

நம்ம பக்கம் உப்புக் காத்து. ஸ்டாண்டு துருப்பிடிச்சுடாதா?

பிடிக்கும், எங்கள் வீட்டிலேயே பிடித்தது. போட்டுப் பத்து மாதத்தில், பேனலைத் தாங்கும் போல்ட்டைக் கட்டை விரலால் தேய்த்தேன். விரலில் மஞ்சள்பொடி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்டு நல்ல கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) ஆனதுதான், போல்ட்டில்தான் காசை மிச்சம் பிடித்திருந்தார்கள். பொருத்திய நிறுவனத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்று எல்லா போல்ட்டையும் மாற்ற வைத்தேன்.

அதனால் காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் கொட்டேஷனிலேயே மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். போல்ட், நட்டு எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல், முடிந்தால் 316 தரம். மாடியில் வைத்து வெல்டிங் அடிக்கக் கூடாது. வெல்டிங் வைத்த இடத்தில் கால்வனைஸ் எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழ் உண்டு, ஐ.இ.சி. 61701 என்று இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

தூசி இவ்ளோ இருக்கே, யார் தொடைக்கிறது?

நீங்கள்தான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும், எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் ராத்திரிப் பனியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்தால் சிமென்ட் பூசிய மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் 13 யூனிட் வந்த இடத்தில் 11. துடைத்த மறுநாள் பழையபடி ஏறிவிட்டது.

பத்து நாளுக்கு ஒரு தடவை, காலை ஏழு மணிக்குள், இரண்டு பக்கெட் தண்ணீர், மெத்தென்ற மாப். மெட்ரோ வாட்டரில் துடையுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம், துடைத்த பிறகு வெள்ளைத் திட்டு விட்டுப் போகும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஐந்து வருஷப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதை நம்பித் துடைப்பத்தை ஓரம் வைத்தால் மேலே சொன்ன 11 யூனிட்தான்.

வர்தா மாதிரி அடிச்சா பறந்துடாதா?

2016 டிசம்பர் 12 யாருக்குத்தான் மறக்கும். கட்டட விதிகளின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதைத் தாங்கும் வடிவமைப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் சிமென்ட் கட்டையை வைத்து அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தளத்தில் துளை போட்டு ஆங்கர் இறக்கி, அந்த இடத்தில் தண்ணீர் இறங்காமல் பூச வேண்டும். வடாம் காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஸ்டாண்டு கேட்பவர்கள் (எங்கள் மாமியாரும் கேட்டார்) காற்றுக்கு அதிக இடம் கொடுக்கிறார்கள், இரும்பும் அதற்குத் தகுந்தபடி கூடும்.

மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் தரைத்தள மீட்டர் பெட்டி வரை தண்ணீர் வந்தது. இன்வெர்ட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் மாட்டாமல் மாடி அறையில் மாட்டச் சொல்லுங்கள்.

பசங்க மாஞ்சா விட்றாங்க, கிரிக்கெட் பந்து வேற. உடையாதா?

பேனல் கண்ணாடி டெம்பர்டு, ரப்பர் பந்துக்கு ஒன்றும் ஆகாது. காத்தாடி நூல் பேனலுக்கடியில் போகும் ஒயரில் சிக்கி இழுத்ததுதான் எங்கள் தெருவில் நடந்தது. ஒயர்களைக் குழாய்க்குள் விட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை, எலிக் கவலையும் இல்லை.

மே மாசம்தான் அதிகமா வரும்ல?

வராது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் போட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். மே மதியத்தில் பேனல் 60 டிகிரி போய்விடும், பத்துப் பன்னிரண்டு சதவீதம் அங்கேயே போச்சு. அடியில் காற்று போக இடம் விட்டிருந்தால் சாயங்காலக் கடல் காற்று கொஞ்சம் காப்பாற்றும்.

மீட்டர் எங்க தாத்தா பேர்ல இருக்கு. அவர் போய் பதினஞ்சு வருஷமாச்சு.

முதலில் பெயர் மாற்றம். விண்ணப்பமும் மின் இணைப்பும் ஒரே பெயரில் இருந்தால்தான் நகரும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளில் பாதி இங்கேதான் நிற்கின்றன, ஏனென்றால் பெயர் மாற்றம் என்றதும் பாகப் பேச்சு வரும், சித்தப்பா வருவார். அதை முடித்துவிட்டு வாருங்கள். கூடவே செக்‌ஷன் ஆபீஸில் உங்கள் இணைப்பின் லோடு (அனுமதிக்கப்பட்ட கிலோவாட்) எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு மேல் சோலார் போடுவதென்றால் லோடையும் கூட்ட வேண்டும்.

மற்றபடி 10 கிலோவாட் வரை, போடுவதற்கு முன் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024இல் மத்திய விதி மாறிவிட்டது. வேலை முடிந்து தெரிவித்த 15 நாளில் மின்வாரியம் இணைப்பைத் தொடங்கித் தர வேண்டும். விதி அப்படி. நடப்பில் இரண்டு தடவை நேரில் போய் நின்றால் வேகம் கூடும்.

நாலு போர்ஷன், நாலு மீட்டர், மூணுல குடித்தனம். எப்படிப் போடறது?

ஒரு சோலார் ஒரு மீட்டரோடுதான் சேரும். நாலு மீட்டரிலும் தலா 200 யூனிட் ஓடினால் மொத்தம் 800 யூனிட் மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் 100 இலவசம் போக 235 ரூபாய்தான் பில். மேலே சொன்ன படிக்கட்டுக் கணக்கில் எல்லாருமே கீழ்ப் படியில் நிற்கிறார்கள். இந்த வீட்டுக்குச் சோலார் லாபமில்லை. நீங்கள் இருக்கும் போர்ஷனில் மட்டும் 500 தாண்டுகிறதென்றால் அந்த மீட்டருக்குப் போடுங்கள்.

அபார்ட்மென்ட்ல இருக்கோம், மாடி எல்லாருக்கும் பொது.

தனி ஆளாகப் போட மற்றவர்கள் சம்மதம் வேண்டும், அது நடக்கிற காரியமா என்று உங்களுக்கே தெரியும். பொது இணைப்புக்குப் போடுவது எளிது. லிஃப்ட், மோட்டார், படி லைட்டுக்கான அந்த மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே விலை அதிகம். குடியிருப்புச் சங்கத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியமும் உண்டு. மெயின்டெனன்ஸ் பணம் குறையும் என்றால் யாரும் கூட்டத்தில் எதிர்க்க மாட்டார்கள்.

ஷீட்டு கூரைமேல போடலாமா?

நல்ல இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட தகர ஷீட் என்றால் போடலாம். ஒரு பேனல் 28 கிலோ பக்கம் வரும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் வேண்டாம், பேனலை விடுங்கள், துடைக்கப் போகும் ஆளையே அது தாங்காது.

பவர் ஸ்டேஷனே நம்மகிட்ட இருக்கு. நமக்கு எதுக்கு சோலாரு?

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் தயாராகும் மின்சாரம் பொது லைனில் சேர்ந்து எங்கெங்கோ போகிறது, பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு பைசா குறைவதில்லை. நமக்கென்று வருவது சாம்பல்தான். நம் நாட்டு நிலக்கரியில் 30, 40 சதவீதம் சாம்பல். லைன் கரண்ட் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள், அத்திப்பட்டில் 800 மெகாவாட் புதிதாக 2024இல் வந்தது. என் ஆறு பேனலால் அது நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளுக்கு ஒரு தடவை மாப்பில் வரும் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது துடைக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினா நிழல் விழுமே?

விழும். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைந்த மற்றவையும் இறங்கும். தண்ணீர் டேங்க் நிழலைத் தள்ளி வைக்கலாம், பக்கத்துச் சுவரைத் தள்ளி வைக்க முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் இது நிஜமான பயம்.

போடுவதற்கு முன் மாடியில் நின்று தெற்கே, கிழக்கே, மேற்கே பாருங்கள். பக்கத்து மாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அவர் மேலே எழுப்பப் போகிறார் என்று அர்த்தம். நான் பார்த்தேன், மேற்கு வீட்டில் நாலு தூணிலும் கம்பி இருந்தது. போய் நேராகவே கேட்டேன், பையன் கல்யாணத்துக்கு முன்னால் கட்டுவோம் என்றார். பேனலைக் கிழக்கு ஓரமாகத் தள்ளிப் போட்டோம். பையனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள்.